தையல் சாமான் வடிவத்துல கைவினை: குட்டி ரவிக்கை ஊசிப்பை, சிரட்டை ஊசிமெத்தை, பட்டன் மெழுகு – அளவும் கோளாறும்

நூல்கண்டு_குழித்துறை

தையல் பயிற்சி முடிக்கிற 25 பேருக்கு ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம் தயார் செய்யணும். உள்ளே இருக்கிற எல்லாமே தையல் சாமானோட வடிவத்துல வரணும்: ரவிக்கை மாதிரி ஒரு ஊசிப்பை, சிரட்டையில உட்கார்ந்த ஊசிமெத்தை, பட்டன் வடிவத்துல நூல் மெழுகு. பொட்டலத்து மேல அளவு டேப்புல ஒரு பூ, சுத்துற துணியில தையல் மெஷின் படம்.

மாதிரியில வந்த கோளாறு இது. 36 மார்பளவு ரவிக்கைப் பேட்டர்னை அப்படியே கால் அளவுக்குச் சுருக்கி வெட்டினா கைக்குழி இழுத்துச் சுருங்குது. டாட் (மார்புக்கு எழுப்பம் தர பிடிக்கிற மடிப்பு) பிடிச்ச இடம் கொப்புளம் மாதிரி நிக்குது. பட்டிப் பக்கம் (கொக்கி வர்ற முன் ஓரம்) துணி பிசிறி தையலை விட்டே வெளிய வந்துடுது. மெத்தையில குத்தி வச்ச குண்டூசி ஆனி மழை முடியறதுக்குள்ள பழுப்பேறுது.

காரணம் தெரிஞ்சவங்க அளவோட எழுதுங்க. தோராயமா சொன்னா 25-ம் 25 விதமா வரும்.

பழைய_கட்டர்

தங்கச்சி, உருவம் கால் பங்கு ஆகும். துணியோட தடிமன் ஆகாது, நூலோட தடிமன் ஆகாது, இழை பிசிறுற தூரமும் ஆகாது. எல்லாக் கோளாறும் இந்த ஒரே இடத்துல இருந்துதான் வருது.

பெரிய ரவிக்கையில அரை இன்ச் தையல் விடுறோம். அதைக் காலாக்கினா அரைக்கால் இன்ச், அதாவது 3 மி.மீ. புரட்டும்போதே ரெண்டு மூணு இழை உதிர்ந்துடும், மிச்சம் என்ன இருக்கும்? அதனால உருவத்தை மட்டும் காலாக்குங்க. தையல் விடுறதை கால் இன்ச்சாவே வையுங்க. தைச்சு முடிச்ச பிறகுதான் 3 மி.மீ.க்கு ஒட்ட நறுக்கணும்.

இன்னும் நல்ல வழி, வெட்டுறதுக்கு முன்னாடியே தைக்கிறது. மேல்துணியும் லைனிங்கும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒண்ணுமேல ஒண்ணா வச்சு, அட்டையில வெட்டின வார்ப்பை வச்சு பென்சில்ல கோடு போடுங்க. அந்தக் கோடுதான் தையல் கோடு, அதுலயே மெஷினை ஓட்டுங்க. தையல் நீளம் ஒன்றரை மி.மீ., ஊசி 11-ம் நம்பர். வழக்கமான இரண்டரை மி.மீ. வச்சா இவ்வளவு சின்ன வளைவு வட்டமா வராது, முனை முனையா நிக்கும். தைச்ச பிறகு சுத்தி கால் இன்ச் விட்டு வெட்டுங்க. பிசிற நேரமே கிடைக்காது.

துணி 2x2 ரூபியா (ரவிக்கைக்கு எடுக்கிற பருத்தித் துணி) எடுங்க. ராசில்க், கோட்டா எல்லாம் கையில எடுத்தாலே அவிழும். கட்டம் போட்ட துணின்னா கட்டம் கால் இன்ச்சுக்கு மேல போகக் கூடாது. பெரிய கட்டம் போட்டா ரவிக்கை மாதிரி தெரியாது, துண்டுத் துணி மாதிரி தெரியும்.

டாட் பிடிக்கவே பிடிக்காதீங்க. டாட் எதுக்கு? தட்டையான துணியை உடம்பு மேல எழுப்புறதுக்கு. ஊசிப்பைக்குள்ள உடம்பு இல்லையே, அப்புறம் அந்த எழுப்பம் எங்க போகும்? கொப்புளமாத்தான் நிக்கும். டாட்டை நூலால எழுதுங்க. அடியில கால் இன்ச் அகலம், மேல 1 இன்ச் உயரத்துல ரெண்டு கோடும் ஒரு புள்ளியில சேரணும். ஆங்கர் நூல்ல ஆறு இழை இருக்கும், அதுல ஒரே இழை பிரிச்சு பேக் ஸ்டிச். லைனிங் சேர்க்கிறதுக்கு முன்னாடியே மேல்துணியில போட்டுடுங்க, அப்பதான் பின்பக்க முடிச்சு மறையும்.

அமைப்பு இப்படி. முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் ரெண்டு துண்டு. முன்பக்கம் ரெண்டும் பக்கத் தையல்ல முதுகோட சேர்ந்து ரெட்டைக் கதவு மாதிரி திறக்கும். தோள்பட்டை சேராது. உள்ளே முதுகுல ஒரு ஃபெல்ட் துண்டு, ஊசி குத்த. 36 மார்பளவைக் காலாக்கினா சுற்றளவு 9 இன்ச், முதுகு அகலம் நாலரை, உயரம் மூன்றரை. கைக்குழி ஆழம் ஒண்ணேமுக்கால், அதுக்குக் கீழே பக்கத் தையலுக்கும் ஒண்ணேமுக்கால் மிஞ்சும். பின்கழுத்து ஆழம் 1 இன்ச், முன்கழுத்து ஒன்றரை. கை ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் வெளிய நீளட்டும். கையைத் தனியா வெட்டி ஏத்தாதீங்க, உடம்போட சேர்த்தே வரையுங்க. கைக்குழிக் கோட்டை நூலால எழுதிடலாம்.

முன்பக்கம் ஒவ்வொண்ணும் இரண்டேகால் கூட பட்டி ஏற 3/8 இன்ச், ஆக 2⅝ அகலம். பெண்கள் ரவிக்கையில போடுறவங்களோட வலது பக்கம் மேல ஏறும். நாம எதிர்ல இருந்து பார்க்கிறதால அது நமக்கு இடது கைப் பக்கம். இதை மாத்தி வச்சா தையல் படிச்ச 25 பேரும் முதல் பார்வையிலயே கண்டுபிடிச்சிடுவாங்க.

பாறசாலைக்காரி

அண்ணே, எல்லாம் சரி. கை மட்டும் இடிக்கும்.

முன் துண்டு பக்கத் தையலை அச்சா வச்சுத் திரும்புது. அதுல கையும் ஒட்டியிருந்தா, கை அந்த அச்சுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். கதவைத் திறக்கும்போது அந்த ஒரு இன்ச் பின்னால போகப் பார்க்கும், அங்க முதுகோட கை இருக்கு. பாதி திறந்து முட்டி நிக்கும், பலமா இழுத்தா அக்குள் மூலை கிழியும். காகிதத்துல வெட்டி செல்லோடேப் ஒட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கை முதுகுத் துண்டுல மட்டும் இருக்கட்டும். முன் துண்டு கைக்குழி வளைவோட நிக்கட்டும். மூடினா அந்த விளிம்பே கைக்குழிக் கோடாத் தெரியும், நூலால தனியா எழுதவும் வேண்டாம்.

பழைய_கட்டர்

சரியான பிடி சேச்சி. கை முதுகுல மட்டும்தான், நான் எழுதினதைத் திருத்திப் படிங்க.

அந்த அக்குள் மூலையை இன்னொரு தடவை சொல்றேன், சுருக்கம் அங்கதான் பிறக்குது. கையும் உடம்பும் சேர்ற உள்மூலையில, இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச், அதே கோட்டுல ரெண்டாவது தையல் ஓட்டுங்க. பிறகு கத்தரி நுனியால மூலையை நோக்கி ஒரே வெட்டு, தையலுக்கு 1 மி.மீ. முன்னால நிக்கணும். பயந்து 3 மி.மீ. முன்னாலயே நிறுத்தினா புரட்டும்போது அந்த 3 மி.மீ. துணிக்கு விரிய இடம் இருக்காது, வெளிப்பக்கம் இழுத்து மடிப்பு விழும். நூலையே வெட்டிட்டா ஓட்டை. ரெட்டைத் தையல் அதுக்குத்தான் காவல்.

முன் துண்டோட கைக்குழி பெரிய ரவிக்கையில கிட்டத்தட்ட 3 இன்ச் ஆர வளைவு. இங்க அது முக்கால் இன்ச். இவ்வளவு இறுக்கமான வளைவுக்கு 3, 4 மி.மீ.க்கு ஒரு நறுக்கு வேணும். கழுத்துக்கும் அப்படியே.

புரட்ட, முதுகுல அடியில 2 இன்ச்சும் முன் துண்டுல ஒண்ணேகாலும் தைக்காம விடுங்க. மூலை எடுக்க ஈர்க்குச்சியோட தடிச்ச அடிப்பக்கம் போதும், நுனி குத்திக்கிட்டு வெளிய வந்துடும். கடைசியில இஸ்திரி. அதுக்கப்புறம்தான் கதவை முதுகோட சேர்க்கணும். மெஷின் வேண்டாம், ரெண்டு விளிம்பையும் முகத்துக்கு முகம் வச்சு ஏணித் தையல். இன்ச்சுக்கு 10 தையல் விழணும், திறந்து மூடுற இடம்.

நூல்கண்டு_குழித்துறை

கைக்குழி புரிஞ்சது. முன்னால மூட என்ன வைக்கலாம்? ரவிக்கைக் கொக்கி வச்சா மூணே கொக்கியில முன்பக்கம் முழுசும் மறைஞ்சு போகுது.

பாறசாலைக்காரி

கொக்கிக்கும் அதே கணக்குதான் அக்கா, அதுவும் சுருங்காது. உள்ளே மறைவா ஒரே ஒரு சின்ன பிரஸ் பட்டன் வையுங்க, மூட அது போதும். மேல பார்வைக்கு 3 மி.மீ. மணி நாலு, அரை இன்ச் இடைவெளியில. கொக்கி வரிசை மாதிரியே தெரியும்.

பிரஸ் பட்டன் வைக்கிற இடத்துல உள்ளே ஒரு சின்னத் துண்டு கேன்வாஸ் (விறைப்புத் துணி) கொடுத்துடுங்க. இல்லேன்னா பத்து தடவை இழுத்ததும் ரூபியா கிழியும்.

சிரட்டை_வேலை

மெத்தைக்கு நான் சொல்லுதேன். முதல்ல துரு.

குண்டூசி துருப்பிடிக்க ஈரமும் உப்பும் வேணும். நம்ம பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு, காத்துல ஈரத்துக்குக் குறைவில்ல. மெத்தைக்குள்ள எதை அடைக்குதியளோ அது அந்த ஈரத்தைப் பிடிச்சு வச்சா ஊசி அதுலதான் ராப்பகலா கிடக்கும். சாதாரண பஞ்சு ஈரம் பிடிக்கும். ரப்பர் மரத்தூள் அறுவை மில்லுல எளிதாக் கிடைக்கும், ஆனா பச்சைத்தூள் பூசணம் பிடிக்கும், உளுக்கவும் செய்யும். எல்லாத்தையும் விட மோசம் தென்னைநார்க் கழிவுத்தூள். தண்ணியை உறிஞ்சி வைக்கத்தான் அதைத் தோட்டத்துக்கு வாங்குதாங்க, உப்பும் அதுல நிறைய உண்டு. அதுல குத்தின ஊசி ஒரு மாசம் தாங்காது.

சிரட்டைத்தூள் எடுத்துக்கிடுங்க. சிரட்டையை அரைச்ச தூள், ஊதுபத்தி வேலைக்கு விக்குறது. கட்டியான தூள், ஈரம் குறைவாப் பிடிக்கும், கனமும் உண்டு. டீ வடிகட்டியில சலிச்சு மாவு மாதிரி கீழ விழுறதைத் தள்ளிருங்க, மேல நிக்குற குறுணைதான் வேணும். மாவு துணி வழியா ஒழுகும். அடைக்கிறதுக்கு முன்ன இரும்புச் சட்டியில சின்னத் தீயில 10 நிமிஷம் கிண்டி ஈரம் போக்கி, ஆற வச்சு அடைக்கணும். சூட்டோட அடைச்சா உள்ளேயே வேர்க்கும்.

சிரட்டை: கண்ணில்லாத பாதி, நல்ல முத்தின காய். வாய் 8 செ.மீ. அகலம் இருந்தா கொள்ளாம். உள்ளே ஒட்டியிருக்க தேங்காய்த் தோலைச் சுரண்டி, வெளிய நாரை அரம் வச்சு எடுத்து, எமரித்தாள் 80, 120, 220, 400-ன்னு வரிசையா. இடையில ஒரு நம்பரை விட்டா பழைய கீறல் பாலிஷுல பளிச்சுன்னு தெரியும். கடைசியில தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு, துணியால தேய்ப்பு, ஒருநாள் விட்டு நல்லாத் துடைச்சிருங்க. எண்ணெய் மிச்சம் நின்னா மேல்துணியில கறை. வெயில்ல மட்டும் காய வைக்காதீங்க, வாய்விளிம்புல இருந்து வெடிப்பு ஓடும்.

மெத்தை ஏழரை செ.மீ. உருண்டை. அதுக்கு 24 செ.மீ. வட்டம், உள்பைக்கு நெருக்க நெசவு பாப்ளின் ரெட்டையா, மேல்துணி ஒண்ணு. ஓரத்துல இருந்து 1 செ.மீ. உள்ளே ரெட்டை நூல்ல ஓட்டுத்தையல். தூள் 130-ல இருந்து 150 கிராம் போகும். கல்லு மாதிரி இறுகணும், பெருவிரல் வச்சு அழுத்தினா குழி விழக் கூடாது. மேசையில நாலு தட்டு தட்டி, இறங்கின இடத்துக்கு இன்னும் தூள் போட்டு, பிறகு இழுத்துக் கட்டுங்க. தளர்வா அடைச்சா ஊசி சாஞ்சு சாஞ்சு துணியில ஓட்டை பெருசாகும்.

சிரட்டையோட உள்பக்கம் வழவழப்பு, ஃபெவிகால் பிடிக்காது. 80-ம் நம்பர் தாளால உள்ளேயும் கீறி, ஃபெவிகால்ல கொஞ்சம் சிரட்டைத்தூள் குழைச்சு ஒட்டுங்க. ஒரு ராத்திரி முழுக்கக் கயிறு போட்டுக் கட்டி வச்சாத்தான் பிடிக்கும்.

இலவம்

அண்ணாச்சி, இலவம்பஞ்சை விட்டுட்டீங்களே. இலவ இழையில இயற்கையாவே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணி ஒட்டாது. ஒரு காலத்துல உயிர்காப்பு மிதவைக்குள்ள அடைச்சதே அதைத்தான். துருவுக்கு அதைவிட நல்லது எது?

சிரட்டை_வேலை

துருவுக்கு நல்லதுதான், மறுக்கல. கனம் இல்ல, இறுகவும் மாட்டேங்குது. ஊசியை இழுத்தா மெத்தையும் கூட வரும். சிரட்டையில நல்லா ஒட்டிட்டா அது பிரச்சனை இல்லன்னாலும், இழை வழுக்குறதால ஒரு வருஷத்துல நடுவுல குழி விழும்.

ரெண்டையும் சேர்க்கலாம்: அடியில முக்கால் பங்கு சிரட்டைத்தூள் பை, மேல ஒரு விரல் தடிமன் இலவம். ஊசி முனை நிக்குற இடம் இலவத்துல வரும். இதை மனசார ஒத்துக்கிடுதேன். நாகர்கோவில்ல 1820-கள்ல மார்த்தா மால்ட் அம்மையார் மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்கல்லா, அந்த லேஸ் தலகாணியும் கட்டை மாதிரி இறுகித்தான் இருக்கணும். நூறு ஊசி நட்டு நூலை இழுக்கும்போது ஒரு ஊசிகூட அசையக் கூடாது. ஊசி குத்துற எந்த மெத்தைக்கும் அதே விதி.

கொல்லாம்பழம்

துரு பிடிச்ச ஊசியைத் தேய்க்க எமரிப் பொட்டலம் ஒண்ணு மெத்தையோட தொங்க விடலாம். வெளிநாட்டுல ஸ்ட்ராபெரி வடிவத்துல செய்வாங்க. நமக்குக் கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) இருக்கும்போது ஸ்ட்ராபெரி எதுக்கு?

6 செ.மீ. ஆரத்துல கால்வட்டம், சிவப்பு இல்லேன்னா மஞ்சள் பாப்ளின், ரெட்டையா. நேர் ஓரம் ரெண்டையும் சேர்த்து 1 மி.மீ. தையல்ல தைச்சா கூம்பு வரும். எமரித்தூள் 20-ல இருந்து 25 கிராம், காகிதக் கூம்பு வச்சு ஊத்துங்க. மேல்வாயைச் சுருக்கிக் கட்டுங்க. ஸ்ட்ராபெரிக்கு அங்க இலை வரும், நமக்கு அந்த அகலமான பக்கம்தான் காம்பு. கூர்முனையை உள்ளே ஒரு செ.மீ. மடிச்சுத் தைச்சு மழுக்கிடுங்க. அங்க சாம்பல் நிற ஃபெல்ட்டுல கொட்டை, 2 செ.மீ. நீளம், மொச்சை வடிவம், ரெண்டு துண்டு சேர்த்துக் கம்பளித் தையல். கொட்டை பழத்துக்கு வெளிய, கீழ தொங்கணும். உள்ளே புதைச்சுட்டா வேற ஏதோ காய்னு நினைப்பாங்க.

எமரி தங்கமுலாம் கண் போட்ட எம்பிராய்டரி ஊசிக்கு வேண்டாம், முலாம் போயிடும். துரு பிடிச்ச சாதா ஊசிக்கு நாலஞ்சு தடவை குத்தி எடுத்தா போதும்.

நூல்கண்டு_குழித்துறை

கொல்லாம்பழம் அருமை, சேர்த்தாச்சு. மெழுகு? சந்தையில வாங்கினதை அச்சுல ஊத்தினா நடுவுல வெடிக்குது, மேல வெள்ளையா பூக்குது.

தேனடை

பூக்கிறது கோளாறு இல்லை. சுத்தமான தேன்மெழுகு சில வாரத்துல மேல வெள்ளைப் படலம் விடும், மெல்லிய துணியால தேய்த்தா போயிடும். வெடிப்பு வேற. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா ஓரம் முதல்ல உறைஞ்சு, நடு பிறகு சுருங்கும், அந்த இழுப்புல கீறும். தேன்மெழுகு 62-ல இருந்து 65 டிகிரியில உருகும். 70, 75-க்கு மேல போகாம, தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க. நேர்த்தீயில வைக்கவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். அச்சையும் வெதுவெதுப்பாக்கிட்டு ஊத்துங்க, மேல தட்டு மூடி மெல்ல ஆற விடுங்க.

4 செ.மீ. விட்டம், 1 செ.மீ. தடிமன் பட்டனுக்கு 12 கிராம் பிடிக்கும். 25-க்கு 300. வடிகட்டுறதுல, பாத்திரத்துல ஒட்டுறதுல போக 350 கிராம் வாங்குங்க. மார்த்தாண்டத்துல தேன் வளர்க்கிறவங்ககிட்ட அடைமெழுகு கேட்டாக் கிடைக்கும். பாரஃபின் கலந்ததான்னு பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து விரல்ல உருட்டுங்க. தேன்மெழுகு சூட்டுல இளகி மாவு மாதிரி திரளும். பாரஃபின் கலப்பு அதிகம்னா செதில் செதிலா உதிரும்.

அச்சுல தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. கழட்ட எளிதுதான், ஆனா அந்த எண்ணெய் நூலுக்கு ஏறி வெள்ளைத் துணியில கறையாகும். சிலிக்கான் அச்சுன்னா ஒண்ணுமே வேண்டாம், வேற அச்சுக்கு மெல்லிய சோப்புத்தண்ணி.

நாலு ஓட்டை: பாதி உறைஞ்சு ரப்பர் பதத்துக்கு வந்ததும் 4 மி.மீ. பின்னல் ஊசியால குத்தி, முறுக்கி எடுங்க. முழுக்க உறைஞ்ச பிறகு குத்தினா பிளக்கும். அழகுக்கு மட்டும் இல்லை, நூலை அந்த ஓட்டை வழியா இழுத்தாலே மெழுகு சீரா ஏறும். மெழுகேத்தின நூலை ரெண்டு காகிதத்துக்கு நடுவுல வச்சு ஒரு தடவை இஸ்திரி இழுக்கணும்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. இல்லேன்னா மெழுகுத் துகள் தையல் வழியெல்லாம் உதிரும். பட்டர் பேப்பர்ல சுத்துங்க, செய்தித்தாள்ல சுத்தினா மை ஏறும்.

டேப்_பூ

அளவு டேப் பூ. 60 இன்ச் டேப், பிவிசி. பசை எதுவும் இதுல நிலைக்காது. ஃபெவிகால் உரிஞ்சு வரும். ரப்பர் பசை முதல்ல பிடிக்கும், பிறகு பிவிசியில இருக்கிற இளக்கி கசிஞ்சு பசையைக் குழகுழன்னு ஆக்கிடும். குளூ கன் சித்திரை வெயில்லயே விடும். தைக்கத்தான் வேணும்.

ஒரு இன்ச் கத்திமடிப்பு (எல்லாம் ஒரே பக்கம் சாயுற மடிப்பு), ஒவ்வொரு மடிப்புக்கும் 3 இன்ச் டேப். 60 இன்ச்சுக்கு 20 மடிப்பு, முடிவுல 20 இன்ச் நீளப் பட்டை. அதை ரெண்டு சுத்தாச் சுருட்டினா பொட்டலத்துக்கு ஏத்த பூ. டேப்புலயே இன்ச் கோடு இருக்கே, தனியா குறிக்க வேண்டாம். 3-ம் கோட்டை 1-ம் கோட்டுல கொண்டு வந்து வை, அதுதான் முதல் மடிப்பு.

மெஷின்ல 16-ம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கமாத் தைச்சா தபால்தலை ஓரம் மாதிரி துளை விழுந்து அப்படியே கிழிஞ்சு வரும். பாதம் பிவிசியில ஒட்டி நகராது, அடியிலயும் மேலயும் காகிதம் வச்சுத் தைச்சுக் கிழிச்சு எடுங்க. நுனியில இருக்கிற தகரத்தை முதல்லயே வெட்டிடுங்க. அது துருப்பிடிச்சு துணியில கறை விடும்.

கசவுத்துண்டு

சுத்துற துணியும் மெஷின் படமும் நான் எழுதறேன்.

துணிக்கு பாலராமபுரம் கைத்தறிக் கோரா (வெளுக்காத பருத்தித் துணி) வெட்டுத்துண்டு பாருங்க. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரம் போற வழிதானே. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்துல, உம்மிணித் தம்பி திவானா இருந்தப்போ, நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து நெசவாளர்களான சாலியர்களைக் கொண்டுபோய்க் குடியேத்தின ஊர் அது. குழித்தறியில கையால நாடா எறிஞ்சு நெய்யற துணி. கஞ்சி இருக்கும், முதல்ல ஊற வச்சு அலசிக் காய வச்சு பிறகு வெட்டுங்க. இல்லேன்னா ஒட்டுவேலை முடிஞ்சு முதல் தடவை நனைஞ்சதும் கோரா சுருங்கும், மேல ஒட்டின துணி சுருங்காது, மெஷின் படம் உப்பி நிக்கும். கசவு (ஜரிகை) ஓரத்துல இஸ்திரிச் சூட்டைக் குறைங்க. இப்ப வர்ற ஜரிகையில பாலியெஸ்டர் கலந்தது நிறைய, சூடு பட்டா சுருண்டுக்கும். ஒரு நூலை உருவி தீக்குச்சியில காட்டுங்க, உருகி உருண்டையானா பாலியெஸ்டர்.

மெஷின் படத்துல எல்லாரும் விடுற பிழை ஒண்ணு. தைக்கிறவங்க பக்கத்துல இருந்து பார்த்தா ஊசி இடதுல, கைச்சக்கரம் வலதுல. பியூசிங் காகிதத்துல (இஸ்திரிச் சூட்டுல துணியோட ஒட்டுற காகிதம்) படத்தை வரைஞ்சு துணியோட பின்பக்கம் ஒட்டி வெட்டினா, திருப்பும்போது படம் கண்ணாடியில பார்த்த மாதிரி மாறிடும். சக்கரம் இடதுக்கு வந்துடும். அதனால காகிதத்துல படத்தை முதல்லயே திருப்பி வரையணும். கத்தரிப் படத்துக்கும் இதேதான், டேப்புல எண் வரைஞ்சா அதுக்கும்.

அளவு 6க்கு 4 இன்ச். மேல்கைக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல இருக்கிற வெளி குறைஞ்சது 1¼ இன்ச் உயரம் விடுங்க. அதைக் குறுக்கினா தூரத்துல இருந்து சுத்தியல் மாதிரி தெரியுது. கறுப்புத் துணி சாயம் விடும், ஈர வெள்ளைத் துணியை மேல வச்சு இஸ்திரி போட்டு முதல்ல சோதிங்க. ஓரத்துக்கு கறுப்பு நூல் ரெண்டிழையில கம்பளித் தையல், 3 மி.மீ. மேல்கையில தங்கநிறக் கொடி ஒரே இழைச் சங்கிலித் தையல்ல. கடைசியா ஊசியில இருந்து நிஜ நூல் ஒண்ணு வெளிய வந்து, பொட்டலத்தைச் சுத்திக் கட்டுற நூலா ஓடட்டும்.

குப்பாயம்

நடுவுல ஒரு யோசனை. 25-லயும் ரவிக்கை வேண்டாம், சிலதைக் குப்பாயம், அதாவது நேர்வெட்டு மேல்சட்டை வடிவத்துல செய்யுங்க. இந்த மண்ணுல மேலுடுப்பு சும்மா அலங்காரம் இல்லை. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டு நடந்து, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் எல்லாரும் மேலுடுப்பு போடலாம்னு அறிவிச்சுது. அதுலயும் மேல்சாதியார் உடுக்கிற விதத்துல கூடாதுன்னு நிபந்தனை. தையல் படிச்சு வெளிய வர்ற பெண்கள் கையில அந்த உருவம் இருக்கட்டும்.

வேலையும் எளிது. டாட் கிடையாது, வளைந்த கைக்குழி கிடையாது, முழுக்க நேர்வெட்டு. உடம்பு 3 இன்ச் அகலம், 3½ உயரம், கை ஒவ்வொண்ணும் 1¾ நீளம், 1¼ அகலம். அக்குள் மூலை ரெண்டுதான் கவனிக்க வேண்டிய இடம். கை பக்கவாட்டுல நேரா நிக்கிறதால முதுகோட சேர்த்தே வெட்டலாம். முன்னால கதவு வேண்டாம், உடம்பு அளவுக்கு ஒரே மடல், கழுத்துல கீல் போட்டு மேல திறக்கட்டும்.

கேரளத்துப் பக்கத்துக்காரங்களுக்கு சட்டையும் முண்டும் (அங்க சிரியன் கிறிஸ்தவப் பெண்களோட பழைய உடுப்பு) வேணும்னா, முண்டோட பின்பக்க விசிறிக்கு 24க்கு 5 செ.மீ. கோராத் துணி, கெட்டிக் கஞ்சி போட்டு, பாதி ஈரத்துல 8 மி.மீ. மடிப்பு. 30 மடிப்பு வரும். இஸ்திரி போட்டு, அடியை மட்டும் கோத்துக் கட்டினா மேல தானா விரியும். முழுக்கக் காய்ஞ்ச பிறகு மடிச்சா மடிப்பு நிக்காது.

நூல்கண்டு_குழித்துறை

எல்லாரும் சொன்னதை வச்சு ரவிக்கைக்கு மட்டும் துணிக் கணக்கு போட்டிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க. 25-ம் ரவிக்கையாவே வச்சுக் கணக்கு, குப்பாயத்துக்கும் இதுலயே அடங்கிடும். ரூபியா 36 இன்ச் பன்னா (துணியோட அகலம்). முதுகுக்கு 7க்கு 4½ இன்ச் கட்டம், குறுக்கே 5, அஞ்சு வரிசை, 22½ இன்ச். முன் துண்டு 3½க்கு 4½, குறுக்கே 10, அம்பதுக்கு அஞ்சு வரிசை, இன்னொரு 22½. ஆக 45 இன்ச், ஒண்ணேகால் மீட்டர் வாங்கினா போதும். லைனிங்கும் அவ்வளவே. பிரஸ் பட்டன் துண்டு போக, கேன்வாஸ் முதுகுக்கு மட்டும். ஃபெல்ட் 4க்கு 2 இன்ச், ஏ4 தாள் ஒண்ணுல 10 வரும், 3 தாள்.

பழைய_கட்டர்

கணக்கு சரி. ரெண்டு சேர்த்துக்கங்க. ரூபியாவை வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சு உலர்த்தினா ஒரு இன்ச், ரெண்டு இன்ச் குறையலாம், அதனால ஒன்றரை மீட்டரா வாங்குங்க. முன் துண்டு அம்பதுல 25 வலது, 25 இடது. வார்ப்பு அட்டையைப் பாதிக்குத் திருப்பிப் போடணும். மறந்தா அம்பதும் ஒரே பக்கமா வந்து நிக்கும்.

கேன்வாஸை தையலுக்குள்ள விடாதீங்க, வார்ப்பைவிட 2 மி.மீ. சின்னதா வெட்டி முதுகோட லைனிங்ல ஒட்டுங்க. தையலுக்குள்ள போனா புரட்டின ஓரம் தடிச்சு நிக்கும், அப்ப கதவு மூடாது.

பாறசாலைக்காரி

ஃபெல்ட்டை நாலு ஓரமும் தைக்காதீங்க அக்கா. மேல் ஓரம் மட்டும், கழுத்துக்குக் கீழே கால் இன்ச் விட்டு. தொங்கலா இருந்தா ஊசியை ரெண்டு விரலால பிடிச்சுக் குத்தி எடுக்கலாம். நாலு பக்கமும் தைச்சா ஒவ்வொரு ஊசியும் முதுகுத் துணியையும் துளைச்சு வெளிய முனை நீட்டும்.

நூல்கண்டு_குழித்துறை

மேல் ஓரம் மட்டும், குறிச்சுக்கிட்டேன். வார்ப்பு அட்டையில "வலது", "இடது" எழுதியாச்சு. நாளைக்கு ரூபியா நனையுது.